‘செய்தி’க்குப் பொருள் எழுதிய மாதம்

அக்டோபர் 6, திங்கள்

‘செ’ என் தலையில் விழுந்திருக்கிறது. சென்னைப் பதிப்பகத்திலிருந்து யாழினி காலையில் அழைத்துச் சொன்னாள். சிறுவர் அகராதிக்குச் செக்கு முதல் சென்னி வரை நான் எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், அது எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரி, ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிய வேண்டும். ‘சு’ எழுதியவர் சுண்டெலிக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதிவிட்டாராம். தயவுசெய்து நீட்டாதீர்கள் மேடம் என்று கேட்டுக்கொண்டாள்.

இந்த வீட்டில் ஆட்கள் மூன்று பேர். நான், என் கணவர் பென்சிகர், அவருடைய அம்மா மிக்கேலம்மாள், எனக்கு மாமி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பென்சிகர் போன மாதம் கொச்சியில் படகு ஏறினார். ஆழ்கடலில் சூரை மீனுக்குப் போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆக இப்போதைக்கு நாங்கள் இரண்டு பேர், அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

ஈஸ்டர் கழிந்த வாரம் யாழினியோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, “மாமி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க” என்று சொன்னேன். அவ்வளவுதான். முப்பது வருடம் தெருத்தெருவாக மீன் விற்ற தொண்டை அது. “இனி எனக்க சத்தம் ஒனக்குக் கேக்காது” என்றார். சொன்ன சொல் மாறாதவர். அன்று முதல் எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் பூனையிடம் சொல்கிறார். “பூனே, சோறு வெந்தாச்சு.” “பூனே, குழாயில தண்ணி வருது, யாராம் இருந்தா கொடத்த எடுத்து வைக்கட்டும்.” நானும் பதிலைப் பூனையிடமே சொல்லிவிடுகிறேன். பென்சிகர் வீட்டில் இருக்கும்போது பூனையின் வேலையை அவர் பார்க்கிறார். எனக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. எழுதுகிறவளுக்கு வீடு அமைதியாக இருப்பது வசதிதான்.

அக்டோபர் 8, புதன்

செக்கு, செங்கல், செடி முடிந்தன. செத்தை வேண்டாமாம், நகரத்துப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்களாம். குப்பையைப் பார்க்காத பிள்ளை எந்த நகரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். யாழினி சிரித்துவிட்டுச் செத்தையைச் சேர்த்துக்கொண்டாள்.

மாலையில் ஜெபமாலை எங்கள் வீட்டில். புதிய பங்குத்தந்தை ஆல்வினும் வந்திருந்தார். சின்ன வயது. மலையோரத்து ரப்பர் தோட்டத்துப் பக்கம் பிறந்தவர், கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. எல்லாருடைய வீட்டுக்கும் எந்த நேரமென்று இல்லாமல் நடந்தே போய்விடுகிறார். மாமி அவருக்கு நெத்திலிக் குழம்பு ஊற்றினார். நெத்திலியில் முள் எடுக்க முயன்ற முதல் மனிதரை இன்றுதான் பார்த்தேன். மாமிக்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது.

அக்டோபர் 10, வெள்ளி

காற்று. கொடியில் கிடந்த துணியெல்லாம் பக்கத்து வீட்டு முருங்கையில். கடலுக்கு யாரும் போக வேண்டாம் என்று வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். போனவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வண்டியில் இருந்தவர் சொல்லவில்லை.

ஊருக்குள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “வெவரம் உண்டா?” இந்தக் கரையில் யாரும் செய்தி என்று சொல்வதில்லை. செய்தி என்பது டிவியில் வருவது, வெளியூர்க்காரர்களுக்கு நடப்பது. நமக்கு வருவது வெவரம்.

அக்டோபர் 11, சனி

செம்பருத்தி, செம்பு, செம்மறி. மின்சாரம் இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசை முடிந்து எல்லாரும் வயர்லெஸ் அறைக்குப் போனோம். கோயிலுக்குப் பின்னால் ஒரே ஒரு சன்னல் வைத்த அறை. ததேயு அண்ணன் அங்கே உட்கார்ந்து கடலோடு பேசுவார். கரையிலிருந்து பேசினால் பக்கத்தில் இருக்கிற படகுக்குத்தான் எட்டும். அந்தப் படகு கேட்டு, அதற்கு அடுத்த படகுக்குச் சொல்லும். அது இன்னும் மேற்கே நிற்கிற படகுக்கு. இப்படி வாய் மாறி வாய் மாறிப் போய்ச் சேரும், பதிலும் அதே வழியில் திரும்பி வரும். எங்கள் ஊர்ப் படகுகள் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னதாக வெவரம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் சில குடும்பங்கள் எழுந்து வீட்டுக்குப் போயின.

‘விண்ணொளி’ பதில் சொல்லவில்லை. அது பென்சிகர் போன படகு. அவரோடு சேர்த்து ஒன்பது பேர்.

பதில் சொல்லாத படகுக்கும் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது இந்தக் கரையின் வழக்கம். வீட்டுக்கு ஒருவர் மைக்கைப் பிடித்து ஒரு சொல் சொல்லலாம். ஆனால் கொச்சி முதல் குமரி வரை செட் வைத்திருக்கிற எல்லாரும் அதைக் கேட்பார்கள். அதனால் மனசில் இருப்பதை யாரும் சொல்வதில்லை. மருந்து வாங்கியாச்சு, கரண்டு பில் கட்டியாச்சு என்றுதான் சொல்வார்கள். படகை ஓட்டுகிற யூஜின் மாமாவின் மனைவி, ஆடு குட்டி போட்டதைச் சொன்னார். என் முறை வந்தது. சொற்களுக்குப் பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவள் நான். “வெவரம் உண்டா?” என்று மட்டும் கேட்டுவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். மாமி பக்கத்திலேயே நின்றார். ததேயு அண்ணன் மைக்கை நீட்டியபோது வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கப்பைக்கிழங்கும் மீனும் சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். செட் கெட்டுப்போயிருக்கும். போன வருடமும் ஒருமுறை கெட்டது. இதற்கெல்லாம் வயிற்றைக் காயப்போட முடியுமா?

அக்டோபர் 13, திங்கள்

‘செய்தி’யைத் தொட்டேன். எழுத எளிதான சொல் என்று தள்ளி வைத்திருந்தது. பார்த்தால் அதுதான் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறது.

பிறப்பு ஒன்றும் சிக்கல் இல்லை. மற என்பதிலிருந்து மறதி, கெடு என்பதிலிருந்து கெடுதி. அதுபோலச் செய் என்பதிலிருந்து செய்தி. பழைய காலத்தில் இதற்குச் செயல் என்றுதான் பொருள். ஒருவர் செய்தது. அதிலும் ஒருவர் இன்னொருவருக்குச் செய்த நன்மையையே செய்தி என்று சொன்ன காலமும் உண்டு. பிறகு எப்போதோ, செய்ததைப் பற்றிச் சொல்வது செய்தி ஆகிவிட்டது. கையில் இருந்த சொல் வாய்க்குப் போய்விட்டது.

இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? “நடந்த ஒன்றைப் பற்றித் தெரிவிப்பது” என்று எழுதினேன். உடனே ஒரு சந்தேகம். நடந்திருக்கிறது, ஆனால் யாரும் தெரிவிக்கவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்? அடித்துவிட்டேன். துணி மடிக்கப் போனேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

வெவரம் இல்லை.

அக்டோபர் 15, புதன்

வெவரம் வந்தது, எங்களுக்கு அல்ல. தெற்கே இரண்டு ஊர் தள்ளி ஒரு வீட்டுக்கு. அங்கே மீன் வாங்கப் போய்ப் பார்த்தவர்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்கள்.

இந்தக் கரையில் சாவு எப்படி வரும் என்று கல்யாணமாகி வந்த புதிதில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நான் நாகர்கோவில் டவுன்காரி, எங்கள் பக்கம் போனில் வரும். இங்கே கடலில் போனவனைப் பற்றிய கெட்ட வெவரத்தை யாரும் நேராக வீட்டில் போய்ச் சொல்ல மாட்டார்கள். முதலில் கோயிலுக்குச் சொல்வார்கள். பங்குத்தந்தை வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, மணியடிக்கிற மெலிஞ்சியைக் கூட்டிக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரோடு தெரு வழியே நடந்து வருவார். அவர் வாயைத் திறக்கவே வேண்டாம். எந்த வீட்டு வாசலில் நிற்கிறாரோ அந்த வீடு. அந்த ஊரிலும் அப்படித்தான் வந்தார்களாம். அந்த அம்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தாராம்.

மாமி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய் எங்கள் மாவை எடுத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்தார்.

அக்டோபர் 16, வியாழன்

யாழினி அழைத்தாள். “மேடம், ‘செய்தி’ என்ன ஆச்சு?” என்றாள். இன்னும் வரவில்லை என்றேன். நீங்கள்தானே எழுத வேண்டும் என்று சிரித்தாள். அப்புறம்தான் அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்பது எனக்கு உறைத்தது. சொன்னேன். பாவம், சின்னப் பெண். என்ன சொல்வதென்று தெரியாமல் அகராதியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று நாலு தடவை சொன்னாள். கவலைப்படவில்லை, செருப்பு, செலவு எல்லாம் தயார் என்றேன். உடனே போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

மீன்வளத் துறை அலுவலகத்துக்கு ஒன்பது வீட்டுப் பெண்களும் போய் வந்தோம். ஹெலிகாப்டர் தேடுகிறதாம். டீ கொடுத்தார்கள்.

சாயங்காலம் மாமி, “பூனே, பயப்படாத, அவன் நல்ல நீச்சக்காரனாக்கும்” என்றார். நான் பயப்படவில்லை என்று பூனையிடம் சொன்னேன். பூனை இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டது. அதன்பிறகு அறையில் மாமியும் நானும் மட்டும் இருந்தோம். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்கு அந்த அறையில் போதுமான சுவர்கள் இல்லை.

அக்டோபர் 18, சனி

பெட்டியில் இருந்த அவர் சட்டைகளை எடுத்துத் துவைத்தேன். துவைத்து மடித்து வைத்த சட்டைகள்தான். மழைக்காலம், பூஞ்சை பிடித்துவிடும். நீலச் சட்டையைத் துவைக்கவில்லை. அது அவர் போகிற அன்று கழற்றிப் போட்டது, பெரிதாக அழுக்கில்லை, அப்படியே இருக்கட்டும் என்று தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மாமி முன்னறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தெருக்கோடியில் ஒரு பெண் அலறினாள். அந்தக் குரல் யாருடையது என்றுகூட யோசிக்கவில்லை. சன்னலுக்கு ஓடினேன். வெயிலில் வெள்ளை அங்கி தெரிந்தது. ஆல்வின் சாமியார் முன்னால், மெலிஞ்சி லூக்காஸ் பக்கத்தில், பின்னால் பங்குப் பேரவைக்காரர்கள் இரண்டு பேர். சாமியார் நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடி வந்தார்.

ஒவ்வொரு வீடாக அவர் கடந்து வர, கடந்த வீட்டுப் பெண்களெல்லாம் வெளியே வந்து மாரடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தார்கள். யூஜின் மாமா வீடு எங்களுக்கு முந்தின வீடு. அங்கே நிற்பார் என்று நினைத்தேன். நிற்க வேண்டும் என்று வேண்டினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், கடவுளுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. அவர் நிற்கவில்லை. எங்கள் வாசலுக்கே வந்தார்.

கதவு அறைந்து சாத்தப்பட்ட சத்தம் கேட்டுத் திரும்பினேன். மாமி தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்துக் காலை ஊன்றிக்கொண்டு நின்றார். கையில் வெங்காயம் அப்படியே இருந்தது. என் முகத்தை நேராகப் பார்த்தார். ஈஸ்டருக்குப் பிறகு முதல் முறையாக என்னோடு பேசினார்.

“தெறக்காத மோளே. அவரு வாயால சொல்லாதது வரைக்கும் எனக்க பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல.”

போய் அவர் பக்கத்தில் நின்று நானும் கதவில் முதுகைக் கொடுத்தேன். வெளியிலிருந்து தட்டினார்கள். தட்டுகிற ஒவ்வொரு தட்டும் முதுகெலும்பில் விழுந்தது. மாமி என் கையைப் பிடித்திருந்தார், வெங்காயத்தோடு சேர்த்து. சாமியார் என்னவோ கத்துகிறார் என்று தெரிந்தது. தெருவே கூடி அழுகிற சத்தத்தில் ஒரு சொல்லும் உள்ளே வரவில்லை. வர வேண்டாம் என்றுதான் இருந்தது. வராதவரை பென்சிகர் எங்கோ சட்டை போடாமல் உட்கார்ந்து தூண்டிலுக்கு இரை கோத்துக்கொண்டிருப்பார்.

கதவு திறக்காததால் சாமியார் சன்னலுக்கு வந்தார். கம்பிக்குள் கையை விட்டு ஆட்டினார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாவு சொல்ல வந்த இடத்தில் சிரிக்கிற இந்த மனுஷனுக்கு யார் குருப்பட்டம் கொடுத்தது என்றுதான் நினைத்தேன். அந்தச் சிரிப்புக்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெள்ளை அங்கி, மெலிஞ்சி, நடு மதியம். இவ்வளவுக்குப் பிறகு ஒரு சிரிப்பு எம்மாத்திரம்?

லூக்காஸ் இந்தக் கரையிலேயே பிறந்தவர். என்ன நடந்துவிட்டது என்று அவருக்குத்தான் முதலில் புரிந்ததாம். சாமியாரின் சந்தோஷத்தில் இவரும் மயங்கி, எதையும் யோசிக்காமல் கூடவே ஓடி வந்துவிட்டாராம். தலையில் அடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிக் கோயிலைப் பார்த்து ஓடியிருக்கிறார்.

பிறகு மணி அடித்தது.

சாவுக்கு எங்கள் கோயிலில் பெரிய மணி மட்டும்தான் அடிக்கும், ஒன்று அடித்து நிறுத்தி, அது அடங்கிய பிறகு இன்னொன்று. மாமி கண்ணை மூடிக்கொண்டார். நானும் அந்த ஒற்றை அடிக்காகவே காத்திருந்தேன். வந்ததோ மூன்று மணியும் சேர்ந்து, நிற்காமல், ஒன்றின்மேல் ஒன்று விழுந்து. திருநாள் கொடியேற்றத்துக்கு அடிக்கிற அடி. கிறிஸ்துமஸ் இரவில் அடிக்கிற அடி. தெருவில் அழுகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு வாயாக நின்றுபோனதை நான் காதால் கேட்டேன்.

மாமி கண்ணைத் திறந்தார். “கொடியேத்து மணியில்லியா அடிக்கான்” என்றார், குரலே இல்லாமல். தாழ்ப்பாளை நான்தான் திறந்தேன்.

சாமியார் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். இயந்திரம் நின்றுபோய், காற்று படகை மேற்கே இழுத்துப் போய்விட்டதாம். ஒரு சரக்குக் கப்பல் பார்த்து, கயிறு கட்டி ஒரு தீவுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. ஒன்பது பேரும் உயிரோடு இருக்கிறார்கள். போனெல்லாம் கடலோடு போய்விட்டது. ஒருவருக்கும் சொந்த வீட்டு எண் மனப்பாடம் இல்லை, என் கணவருக்கும்தான். படகின் பக்கவாட்டில் பெயிண்டில் எழுதியிருந்த கோயில் எண்ணைப் பார்த்து அழைத்திருக்கிறார்கள். முதலில் பேசியவர் பென்சிகர், அதனால் முதலில் எங்கள் வீடு. நல்ல விஷயத்தை நாமே நேரில் போய்ச் சொல்வோம் என்று, கையில் கிடைத்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். அவர் ஊரில் சாமியார் வீட்டுக்கு வந்தால் ஆசீர்வாதமாம்.

மாமி கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். அப்புறம் தொண்டையைத் திறந்தார். ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த சத்தம் முழுவதும் அந்தப் பாவப்பட்ட குருவானவர்மேல் இறங்கியது. “அங்கியக் கழத்தி வச்சிட்டு லுங்கியோட வந்திருந்தா என்ன, சாமி? சைக்கிள்ல வந்திருந்தா என்ன? எனக்க மருமவ ஈரக்கொல நிண்ணு போயிருந்தா ஒங்க திருச்சபை பதில் சொல்லுமா?” என்றார். சாமியார் மன்னிப்புக் கேட்டார். ‘எனக்க மருமவ’ என்று சொன்னதை நான் தெளிவாகக் கேட்டேன். பிறகு அவரை உள்ளே இழுத்து உட்கார வைத்து, சோறு போட்டு, நெத்திலியில் முள் எடுக்க வேண்டாம், அப்படியே தின்ன வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்.

நான் அடுக்களையில் போய் நின்று அழுதேன். நன்றாக, சத்தம் போட்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். இத்தனை நாள் பயந்துதான் இருந்தேன். ரொம்பப் பயந்துபோய் இருந்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீவிலிருந்து அழைத்தார். மாமியும் நானும் ஒரே போனில் காதை வைத்தோம். வரிசையில் இன்னும் எட்டுப் பேர் நிற்பதால் சீக்கிரம் பேச வேண்டுமாம். நல்லாயிருக்கேன், ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்றார். என் எண்ணை மனப்பாடம் செய்ய வைத்து, மூன்று முறை ஒப்பிக்கச் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.

‘செய்தி’யை எழுதி முடித்தேன். “நடந்ததை ஒருவர் இன்னொருவருக்குத் தெரியச் செய்வது. ‘செய்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. முன்பு இதற்குச் செயல் என்றும், ஒருவருக்குச் செய்த நன்மை என்றும் பொருள் இருந்தது. எடுத்துக்காட்டு: லூக்காஸ் மணி அடித்துச் செய்தி சொன்னார்.”

லூக்காஸ் யார் என்று யாழினி கேட்டாள். எங்கள் கோயிலில் மணி அடிப்பவர் என்றேன். பிள்ளைகளுக்குத் தெரியாத பெயராக இருக்கிறதே மேடம் என்றாள். மாற்றினால் ‘செ’ முழுவதையும் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்றேன். மாற்றவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

வந்துவிட்டார்.

கறுத்து, மெலிந்து, முகம் முழுக்கத் தாடி. உதடு வெடித்திருக்கிறது. மாமி அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சந்தையில் மீனைப் பார்ப்பது போல. நான் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். அவர் குளித்து வந்ததும் நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். துவைக்கவில்லையா என்று கேட்டார். சோப்பு தீர்ந்துவிட்டது என்றேன்.

சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் பேச ஆரம்பித்தார். காற்று பிடித்த முதல் நாளே மைக்கில் தண்ணீர் ஏறிவிட்டதாம். பேசினால் போகாது. ஆனால் செட் கேட்கும். இவர்கள் தண்ணீர் புகுந்த படகில் உட்கார்ந்துகொண்டு, ‘விண்ணொளி, விண்ணொளி’ என்று கடல் முழுக்கத் தங்களைக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இங்கே இருக்கோம் என்று ஒன்பது பேரும் சேர்ந்து கத்திப் பார்த்தார்களாம். பேட்டரி தீர்ந்துவிடும் என்று காலையிலும் மாலையிலும் மட்டும் செட்டைப் போட்டிருக்கிறார்கள்.

நாங்கள் சொல்லி அனுப்பியதும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஒன்றும் புறப்பட்டபடி போய்ச் சேரவில்லை. எங்கள் ஊர்க்காரர் மலையாளிக்குச் சொல்லி, அவர் மங்களூர்க்காரருக்குச் சொல்லி, திரும்பத் தமிழில் வரும்போது யூஜின் மாமாவின் ஆடு போட்ட குட்டி, வீட்டில் இரட்டைப் பிள்ளை பிறந்ததாகப் போயிருக்கிறது. அறுபது வயதுக்காரர் கப்பல் வந்து இழுக்கும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தாராம். மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு பென்சிகர் சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், “நீ சொன்னதும் வந்துது” என்றார்.

நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

“அண்ணைக்குத் தண்ணி கோரிக் கோரிக் கை ரெண்டும் வெளங்காமப் போச்சு. போதும், வாறது வரட்டும்னு வாளியக் கீழ வச்சிட்டேன். அப்பந்தான் செட்டுல ஒருத்தன் சொன்னான். பென்சிகரு கரை ஏறாம ஒரு பருக்க உண்ண மாட்டேன்னு அவனுக்க பெஞ்சாதி சொல்லியிருக்கான்னு. இவ பட்டினி கெடந்து செத்துருவாளேன்னு வாளியத் திரும்ப எடுத்தேன்.” இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நெசமாட்டு அப்பிடிச் சொன்னியா?”

நான் கேட்டது வெவரம் உண்டா என்று. அன்று இரவு கப்பையும் மீனும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டதை இதே நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். எவனோ முகம் தெரியாத ஒருவன், தன் படகே ஆடிக்கொண்டிருக்கிற நேரத்தில், வெறும் கேள்வியை அப்படியே அனுப்ப மனசில்லாமல் தன் சொல்லைச் சேர்த்து அனுப்பியிருக்கிறான். என் கணவரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

மாமி மீன்சட்டியோடு அடுக்களை வாசலில் நின்றார்.

“சொன்னா மக்களே” என்றார் மகனிடம், தெருமுனை வரை கேட்கிற சத்தத்தில். “நான் பக்கத்துலதான நிண்ணேன். சொன்னபடியே ஒரு பருக்க உண்ணல்ல. நானாக்கும் சாட்சி.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். “ஆமா” என்றேன்.

பென்சிகர் தன் தட்டிலிருந்து சோற்றை உருட்டி, மீனின் நல்ல துண்டாகப் பார்த்து நடுவில் வைத்து, என் உள்ளங்கையில் கொடுத்தார். நான் பன்னிரண்டு மணிக்கே வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். பட்டினி கிடந்தவளைப் போல அதைத் தின்றேன்.